பச்சை வேலி ஏன் பழுப்பாகிறது?

(பெங்களூரில் தோட்ட வேலை செய்பவர்களிடம் பேசிய பேச்சு)



இங்கே வந்திருப்பவர்களில் பல பேர் தோட்ட வேலை செய்கிறீர்கள். சிலர் நர்சரியில் பைகளுக்கு மண் நிரப்புகிறீர்கள். சிலர் நாலைந்து வீடுகளுக்குப் போய்ச் செடிகளைப் பார்த்துக்கொள்கிறீர்கள். சிலர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை செய்கிறீர்கள்.

பெங்களூருக்குத் தோட்ட நகரம் என்று பெயர். 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். 1908ஆம் ஆண்டில் கிரும்பீகல் என்ற ஜெர்மன் நாட்டுக்காரர் லால்பாக்கின் பொறுப்பை ஏற்க வந்தார். எந்த மாதத்தில் எந்த மரம் பூக்கும் என்று பார்த்துப் பார்த்து, ஊரெங்கும் மரம் நட வைத்தார். இந்தப் பெரியவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. குழி வெட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் பெயர் புத்தகத்தில் இல்லை. ஆனால் அவர்கள் கை படாமல் ஒரு மரமும் வளரவில்லை. காய்கறியும் பூவும் பயிர் செய்த திகளர் சமூகத்தாரும், தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்களும் அப்படி உழைத்தவர்கள்தான்.

இன்று நாம் பேசப் போவது ஒரே ஒரு விஷயம். புதிதாக நட்ட வேலிச் செடி ஏன் பழுப்பாகிறது?

வேலிச் செடி என்றால் உங்களுக்குத் தெரியும். காம்பவுண்டு சுவர் ஓரமாக வரிசையாக நடுகிறோம். சைப்ரஸ் நடுகிறோம். துஜா நடுகிறோம். சவுக்கு நடுகிறோம். ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் என்று நம்பித்தான் வீட்டுக்காரர்கள் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். நட்ட அன்று வரிசை அழகாக இருக்கிறது. ஒரு மாதம் போகிறது. நுனி பழுப்பாகிறது. பிறகு ஒரு பக்கம் பழுப்பாகிறது. பிறகு செடி முழுவதும் துடைப்பம் மாதிரி ஆகிவிடுகிறது.

அப்போது என்ன நடக்கிறது? வீட்டு அம்மா வெளியே வருகிறார்.

"என்னப்பா, செடியெல்லாம் காய்ஞ்சு போச்சே. தண்ணி ஊத்தலையா?"

"தினமும் ஊத்துறேம்மா."

"ஊத்தினா எப்படிக் காயும்?"

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நாம் நிற்கிறோம். செடிக்குக் கொடுத்த பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சில இடத்தில் வேலையே போய்விடுகிறது. நாலு நாள் கூலி, ஒரு வரிசைச் செடியில் போய்விடுகிறது.

இதில் ஒரு உண்மையைச் சொல்கிறேன். அந்த அம்மா சொல்வதும் பொய் இல்லை. செடி காய்ந்துதான் போயிருக்கிறது. தோட்டக்காரர் சொல்வதும் பொய் இல்லை. அவர் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

வரவும் செலவும்

ஒரு குடும்பத்துக்கு வரவு உண்டு, செலவு உண்டு. வரவைவிடச் செலவு அதிகமானால் குடும்பம் கடனில் விழும். செடியும் அப்படித்தான்.

செடிக்குத் தண்ணீர்தான் பணம். வேர் மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்கிறது. அது வரவு. இலை வெயிலிலும் காற்றிலும் தண்ணீரை ஆவியாக விடுகிறது. அது செலவு. ஈரத் துணி கொடியில் காய்கிறது அல்லவா? இலையிலிருந்தும் அப்படியே தண்ணீர் போகிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தடித்த வேர்கள் செடியைப் பிடித்து நிறுத்துகின்றன. தண்ணீரை அதிகமாகக் குடிப்பவை நுனியில் உள்ள சல்லி வேர்கள். நூல் போல மெல்லியதாக இருக்கும். தொட்டால் அறுந்துவிடும். நர்சரியில் நிலத்திலிருந்து செடியைத் தோண்டி எடுக்கும்போது இந்தச் சல்லி வேரில் பெரும் பகுதி மண்ணோடு அங்கேயே நின்றுவிடுகிறது. செடியின் தலை அப்படியே இருக்கிறது. கால் வெட்டப்பட்டுவிட்டது. சம்பாதிக்கும் ஆள் படுத்துவிட்டார். சாப்பிடும் வாய் குறையவில்லை. அந்தக் குடும்பத்தின் நிலைதான் புதிதாக நட்ட செடியின் நிலை.

மற்ற மரங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கோடை வருவதற்கு முன் பல மரங்கள் இலையைக் கொட்டிவிடுகின்றன. இலை இல்லை என்றால் செலவு குறைவு. எப்போதும் பச்சையாக இருக்கும் செடிக்கு அந்த வழி இல்லை. ஆண்டு முழுவதும் இலை இருக்கும். ஆண்டு முழுவதும் செலவு இருக்கும்.

குளிர் நாடுகளிலும் இதே தொல்லை உண்டு. அங்கே பனிக்காலத்தில் மண்ணில் உள்ள தண்ணீர் ஐஸ் ஆகிவிடும். வேரால் குடிக்க முடியாது. ஆனால் மேலே வெயிலும் காற்றும் இலையை உலர்த்தும். வசந்த காலம் வரும்போது வேலி பழுப்பாக நிற்கும். அங்கே ஐஸ் செய்வதை இங்கே நம் மார்ச், ஏப்ரல் வெயில் செய்கிறது.

செய்தி தாமதமாக வருகிறது

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பல வீடுகளில் சவுக்குக் கிளை, சைப்ரஸ் கிளை வெட்டி வந்து ஜோடிப்பார்கள். அந்தக் கிளைக்கு வேரே கிடையாது. ஆனாலும் பல நாட்கள் பச்சையாகவே இருக்கும். வெட்டிய அன்றே அது செத்ததற்குச் சமம். நிறம் மாறத்தான் நாள் ஆகிறது.

வேலிச் செடியும் அப்படித்தான். சைப்ரஸ், துஜா, சவுக்கு எல்லாம் சீக்கிரம் வாடிக் காட்டாது. துளசிச் செடி ஒரு நாள் தண்ணீர் இல்லை என்றால் தலையைத் தொங்கப் போடும். தண்ணீர் ஊற்றினால் நிமிரும். அது உடனே சொல்லிவிடுகிற செடி. சைப்ரஸ் உடனே சொல்லாது. வேர் கெட்டு இரண்டு, மூன்று வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆன பிறகுதான் பழுப்பு நிறம் வெளியே தெரியும்.

ஆகவே இன்று பழுப்பு தெரிகிறது என்றால் இன்று தவறு நடக்கவில்லை. நேற்றும் நடக்கவில்லை. அது பழைய செய்தி. பெரும்பாலும் நட்ட நாளில், அல்லது நட்ட முதல் சில வாரங்களில் நடந்ததின் செய்தி.

"தண்ணி ஊத்தலையா?" என்பது மட்டும் கேட்டால் போதாது. "எப்போது நட்டோம்? எப்படி நட்டோம்? ஊற்றிய தண்ணீர் வேருக்குப் போனதா?" என்று கேட்க வேண்டும். இன்றைய பேச்சில் இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

நட்ட நாளில் நடப்பது என்ன?

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, காய்ந்த மண்கட்டி. பைச் செடியில் வேரைச் சுற்றி மண்கட்டி இருக்கும். நம் பக்கத்தில் பல நர்சரிகளில் அது சிவப்பு மண். காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். அதை அப்படியே குழியில் வைத்து, சுற்றிலும் பொலபொலப்பான மண் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் எங்கே போகும்? சுலபமான வழியில் போகும். கட்டியைச் சுற்றியுள்ள மண்ணில் இறங்கிவிடும். கட்டிக்குள் போகாது. வேர் முழுவதும் கட்டிக்குள் இருக்கிறது. மேலே பாத்தி நனைந்திருக்கிறது, உள்ளே வேர் தாகத்தில் சாகிறது. தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி காய்வதற்கு இதுதான் ஒரு பெரிய காரணம்.

இதற்கு வழி சுலபம். நடுவதற்கு முன் பையோடு செடியை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வரும். குமிழி நின்ற பிறகு எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் நடுங்கள். அப்போது கட்டி உள்வரைக்கும் நனைந்திருக்கும்.

இரண்டாவது, பை. பாலிதீன் பையை நீக்காமல் நடக் கூடாது. அடியை மட்டும் கிழித்துவிட்டு நடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் வேர் போக வழி இருக்காது. பையை நீக்கிய பிறகு வேரைப் பாருங்கள். பைக்குள்ளேயே வளையல் மாதிரி சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால், அந்தச் சுற்றை விரலால் மெதுவாகப் பிரித்து விடுங்கள். பிரியாவிட்டால் கத்தியால் பக்கவாட்டில் மூன்று, நான்கு இடத்தில் மேலாகக் கீறி விடுங்கள். இல்லாவிட்டால் வேர் அதே வட்டத்திலேயே சுற்றும். வெளி மண்ணுக்குப் போகாது. சாக்கு, பிளாஸ்டிக் கயிறு எதுவும் தண்டில் இருக்கக் கூடாது. தண்டு பருக்கும்போது கயிறு இறுக்கிவிடும்.

மூன்றாவது, ஆழம். ஆழமாக நட்டால் செடி உறுதியாக நிற்கும் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. வேருக்கும் காற்று வேண்டும். பையில் மண் எந்த அளவுக்கு இருந்ததோ, குழியிலும் அதே அளவுக்குத்தான் இருக்க வேண்டும். தண்டின் மேல் மண் ஏறினால் பட்டை அழுகும். குழியின் அகலம் மண்கட்டியைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். ஆழம் கட்டியின் உயரம் இருந்தால் போதும்.

நான்காவது, காற்று இடைவெளி. கட்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் சந்து இருந்தால் அங்கே வேர் காய்ந்துவிடும். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கையால் அழுத்துங்கள். காலால் ஓங்கி மிதிக்க வேண்டாம். பாதி மண் போட்டதும் தண்ணீர் ஊற்றுங்கள். மண் தானாக இறங்கி உட்காரும். பிறகு மீதி மண்ணைப் போடுங்கள்.

ஐந்தாவது, உரம். நட்ட அன்றே கைப்பிடி யூரியா போட்டால் செடி சீக்கிரம் வளரும் என்று நினைக்கிறார்கள். யூரியாவும் ஒரு வகை உப்பு மாதிரிதான் வேலை செய்யும். ஊறுகாயில் உப்புப் போட்டால் காயிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது அல்லவா? அதே மாதிரி வேரிலிருந்து தண்ணீர் வெளியே போய்விடும். மெல்லிய வேர் கருகும். நடும்போது நன்றாக மட்கிய தொழு உரம் போதும். பச்சைச் சாணம் போடாதீர்கள். புதுத் தளிர் வந்த பிறகு மற்ற உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பெங்களூர் மண்ணும் வெயிலும்

நம் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் குளிர்ச்சியான ஊர் என்று பெயர். ஆனால் செடிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை மிகக் குறைவு. மார்ச், ஏப்ரலில் வெயில் அதிகம். காற்றில் ஈரம் இருக்காது. அந்த நேரத்தில் நட்ட செடிக்குச் செலவு அதிகம், வரவு குறைவு.

ஜூன் மாதம் மழை தொடங்குகிறது. செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை பெய்கிறது. ஜூன், ஜூலையில் நட்டால் வேர் பிடிக்க நாலைந்து மாதம் கிடைக்கும். ஆடிப் பட்டம் தேடி விதை என்று ஊரில் சொல்வார்கள். விதைக்குச் சொன்னது வேலிச் செடிக்கும் பொருந்தும்.

ஆனால் வீட்டுக்காரர்கள் எப்போது நடச் சொல்கிறார்கள்? புது வீடு கட்டி முடித்ததும் நடச் சொல்கிறார்கள். கிரகப்பிரவேசம் மார்ச் மாதம் என்றால் வேலியும் மார்ச் மாதமே வேண்டும். அப்போது நாம் பணிவாகச் சொல்ல வேண்டும். "அம்மா, இப்போ நட்டா நிறைய தண்ணி வேணும், நிழலும் கட்டணும். ஜூன்ல நட்டா நல்லாப் பிடிக்கும்" என்று நடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். செடி காய்ந்த பிறகு சொன்னால் அது சாக்குப்போக்கு போலத் தெரியும்.

தண்ணீர் நிலைமையும் நமக்குத் தெரியும். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடு ஏற்றி இங்கே கொண்டுவரப்படுகிறது. 2024ஆம் ஆண்டு கோடையில் பல போர்வெல்கள் வற்றின. டேங்கர் தண்ணீருக்கு அலைந்தோம். அந்த மார்ச் மாதம் பெங்களூர் குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, கார் கழுவக் கூடாது என்றது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அதற்குச் சில வாரம் முன்பு நட்ட வேலியின் கதி என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். பழைய மரத்தின் வேர் ஆழத்தில் ஈரம் தேடிக்கொள்ளும். புதுச் செடி தேட முடியாது.

அடுத்தது மண். புது வீட்டின் சுவர் ஓரத்தில் மேலே சிவப்பு மண் பரப்பியிருப்பார்கள். ஒரு அடி தோண்டினால் சிமெண்டுக் கட்டி, ஜல்லி, உடைந்த டைல்ஸ், சுண்ணாம்பு எல்லாம் வரும். அங்கே வேர் ஓடாது. சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் குணத்தை மாற்றிவிடும். நடுவதற்கு முன் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். குப்பை இருந்தால் வெளியே எடுத்து நல்ல மண் நிரப்ப வேண்டும். அதற்கு ஆகும் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சுவரும் ஒரு காரணம். தெற்கு, மேற்கு வெயில் படும் சுவர் அடுப்பு போலச் சூடாகும். சாயங்காலம் வரை அனல் வீசும். அந்தச் சுவரை ஒட்டி நட்ட செடியில் சுவர்ப் பக்கம் முதலில் கருகும். சுவரிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி நடுங்கள்.

செடியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்போம்

வைத்தியர் நாடி பார்க்கிறார். நாக்கைப் பார்க்கிறார். நாமும் செடியைச் சோதித்துப் பார்க்கலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கை போதும்.

விரல் சோதனை. மண்கட்டி இருக்கும் இடத்தில், தண்டுக்குப் பக்கத்தில், விரலை மூன்று அங்குலம் உள்ளே விடுங்கள். விரல் போகவில்லை என்றால் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். உள்ளே தூளாகக் காய்ந்திருந்தால் வேருக்குத் தண்ணீர் போகவில்லை. சேறாக இருந்து கெட்ட நாற்றம் அடித்தால் வேர் அழுகுகிறது. இந்த இரண்டிலும் இலை பழுப்பாகத்தான் ஆகும். வேர் இல்லாமலும் தாகம், வேர் அழுகியும் தாகம். ஆகவே பழுப்பைக் கண்டதும் குழாயைத் திறந்துவிடாதீர்கள். முதலில் விரலை வையுங்கள்.

நகச் சோதனை. சின்னக் கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. நுனியில் தொடங்கிக் கீழே கீழே வந்து பாருங்கள். அடித்தண்டிலும் பச்சை இல்லை என்றால் அந்தச் செடி பிழைக்காது.

பேப்பர் சோதனை. இலை தூசி படிந்த மாதிரி வெளிறி, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு வெள்ளைப் பேப்பரைக் கிளைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகள் நகர்ந்தால் அது செஞ்சிலந்திப் பூச்சி. காய்ந்த வெயில் காலத்தில் பெருகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையைக் கழுவினால் குறையும். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கலாம்.

பழுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கீழே ஓரிடத்தில் மட்டும், தெருப் பக்கம் மட்டும் கருகியிருந்தால் நாய் சிறுநீர் கழிக்கும் இடமா என்று பாருங்கள். நுனியெல்லாம் கருகி, மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. போர்வெல் தண்ணீரின் உப்பாக இருக்கலாம், உரத்தின் உப்பாக இருக்கலாம். வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரிலும் உப்பு அதிகம். அதைப் புதுச் செடிக்கு ஊற்றாதீர்கள். ஒவ்வொரு செடியாகத் திடீரென்று காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் கரையானைத் தேடுங்கள்.

பயப்பட வேண்டாத பழுப்பும் ஒன்று உண்டு. உள்பக்கம், தண்டை ஒட்டிய பழைய இலைகள் மட்டும் பழுப்பாகி உதிரும். நுனியில் புதுத் தளிர் பச்சையாக இருக்கும். அது வயதான இலை உதிர்வது. நமக்கு முடி உதிர்வது மாதிரி. அதை வீட்டுக்காரருக்குக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

பிழைக்க வைப்பது எப்படி?

நகச் சோதனையில் பச்சை தெரிந்தால் நம்பிக்கை உண்டு. வரவைக் கூட்ட வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும்.

செலவைக் குறைக்க நிழல் கட்டுங்கள். பச்சை நிழல் வலை கட்டலாம். பழைய சாக்குத் துணியும் போதும். மேற்கு வெயில் படும் பக்கம் கட்டுங்கள். செடியின் மேல் போர்த்தி மூடாதீர்கள். காற்று போக இடம் விடுங்கள்.

மண்ணுக்கு மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலை, தென்னை நார், வைக்கோல் எதுவானாலும் மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மண்ணின் ஈரம் சீக்கிரம் போகாது. குறைந்த தண்ணீரே போதும். பெங்களூரில் தெரு முழுவதும் இலை கொட்டிக் கிடக்கிறது. அதைக் கொளுத்தாமல் மூடாக்காகப் போடலாம்.

வரவைக் கூட்ட, தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பூவாளியால் இலையை நனைத்துவிட்டுப் போவதால் பயன் இல்லை. மூன்று அடி உயரச் செடிக்கு ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் வேண்டும். தண்டை ஒட்டி மண்கட்டியின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். அடியில் சின்ன ஓட்டை போட்ட பழைய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். மழை இல்லாத நாளில் முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றலாம். பிறகு வாரம் இரண்டு முறை போதும். ஒவ்வொரு முறையும் விரலை வைத்துப் பார்த்த பிறகு ஊற்றுங்கள். முதல் கோடை தாண்டும் வரை கவனம் வேண்டும்.

வேர் அழுகியிருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். தண்ணீர் தேங்காமல் வடிய வாய்க்கால் வெட்டுங்கள். தண்டின் மேல் ஏறிய மண்ணை எடுத்துவிடுங்கள்.

கத்திரியை எடுப்பதற்கு முன் எந்தச் செடி என்று பாருங்கள். மருதாணி, செம்பருத்தி, துரந்தா போன்றவற்றை வெட்டினால் பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். சைப்ரஸும் துஜாவும் அப்படி இல்லை. இலை இல்லாத பழைய கட்டைவரை வெட்டினால் அந்த இடம் மொட்டையாகவே நிற்கும். ஆகவே முழுவதும் காய்ந்த நுனியை மட்டும் வெட்டுங்கள். மற்றதற்குச் சில வாரம் பொறுத்திருங்கள்.

எந்தச் செடி நடலாம் என்று வீட்டுக்காரர் நம்மைக் கேட்டால், தண்ணீர் குறைவான இடத்துக்கு மருதாணி சொல்லலாம். சங்கங்குப்பி சொல்லலாம். இரண்டும் வறட்சி தாங்கும். இரண்டையும் வெட்டி வெட்டி வேலியாக வளர்க்கலாம். மருதாணி கைக்கும் ஆகும்.

செடி வாங்கும்போது பெரிய செடியாக வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். ஆறு அடிச் செடி தோண்டி எடுக்கும்போது இழக்கும் வேர் அதிகம். இரண்டு அடிச் செடி சீக்கிரம் வேர் பிடிக்கும். சில ஆண்டுகளில் பெரிய செடியை எட்டிப் பிடித்துவிடும். விலையும் குறைவு.

ஒரு நோட்டு வாங்குங்கள்

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். அந்த எழுத்து தோட்டத்திலும் உதவும்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். செடி நடும் நாளில் அதில் எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்:

ஜூன் 20. சைப்ரஸ் 40 செடி. வண்டியில் வந்தபோது 6 செடியில் மண்கட்டி உடைந்திருந்தது. அம்மாவிடம் காட்டினேன். தண்ணீரில் முக்கி நட்டேன்.

ஜூன் 27. மழை. தண்ணீர் ஊற்றவில்லை.

ஜூலை 4. மேற்கு ஓரம் 3 செடி நுனி பழுப்பு. கட்டி உடைந்த செடிகள்தான். நகம் வைத்தேன். உள்ளே பச்சை. நிழல் கட்டினேன்.

பழுப்பு தாமதமாக வருகிறது என்று சொன்னேன். அது வரும்போது நட்ட நாளில் நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. வீட்டு அம்மாவுக்கும் நினைவிருக்காது. நமக்கும் நினைவிருக்காது. நோட்டுக்கு நினைவிருக்கும். "ஆறு செடியில் கட்டி உடைந்து வந்தது" என்று எழுதியிருந்தால், அந்த ஆறு செடி காய்ந்தபோது நர்சரியில் கேட்கலாம். நம் சம்பளத்தில் பிடிக்க வேண்டிய நியாயம் இல்லை என்று சொல்லலாம். நம் பக்கம் தவறு இருந்தாலும் அது எது என்று தெரியும். அடுத்த வரிசையில் அந்தத் தவறு வராது.

எழுத்துப் பிழை வந்தால் வெட்கப்பட வேண்டாம். நாள், செடி, எத்தனை, என்ன பார்த்தோம். இந்த நான்கும் இருந்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு வேலிச் செடியைத் தேர்ந்தெடுங்கள். விரல் வைத்துப் பாருங்கள். நகம் வைத்துப் பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதி, அடுத்த முறை கொண்டுவாருங்கள். எல்லோரும் சேர்ந்து படித்துப் பேசலாம்.



கலந்து பேசுவோம்

1. தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி காய்வது எப்படி?

2. உங்கள் தெருவில் புதிதாக நட்ட செடிகள் உள்ளனவா? எந்த மாதத்தில் நட்டார்கள்?

3. செடி நடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

4. உங்கள் நோட்டில் முதல் வரியாக என்ன எழுதுவீர்கள்?